அரை மில்லிமீட்டர்

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க டேட்டாவைக் கழிச்சுட்டோம்" என்று என் பழைய மாணவி தொலைபேசியில் சொன்னபோது, "அதனாலென்னம்மா" என்று சிரித்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். ஆனால் அந்தச் சொல் இரண்டு மாதம் மனத்தைவிட்டு இறங்கவில்லை. முப்பத்தொரு ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன் நான். கூட்டத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும் புள்ளியை என்ன செய்வது, எப்போது கழிக்கலாம், எப்போது கழிக்கக்கூடாது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன். கழிக்கப்பட்ட புள்ளியாக நானே ஆனது அதுதான் முதல் தடவை.

அவள் மூளைப் படவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறாள். ஐம்பது வயதைத் தாண்டிய, பெரிய நோய் எதுவும் இல்லாத ஆட்கள் தேவைப்படுகிறார்கள் என்றாள். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை, சரி என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குப் போனேன். மோதிரம், கைக்கடிகாரம், பெல்ட் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் தட்டில் கழற்றி வைத்தேன். அரைஞாண் கயிறா, வெள்ளிக் கொடியா என்று அங்கிருந்த தொழில்நுட்பர் கூச்சமின்றிக் கேட்டார். கயிறுதான் என்றதும் தலையாட்டிவிட்டு உள்ளே அனுப்பினார். காதில் பஞ்சு போன்ற அடைப்பான், தலையின் இருபுறமும் நுரை மெத்தைத் துண்டுகள், முகத்துக்கு மேலே கூண்டு மாதிரி ஒரு சட்டகம், வலது கையில் அவசரத்துக்கு அமுக்க ஒரு ரப்பர் உருண்டை. "எதைப் பத்தியும் குறிப்பா யோசிக்க வேண்டாம் சார். கண்ணை மூடிக்கிட்டு சும்மா படுத்திருங்க. எட்டே நிமிஷம்தான்" என்றாள்.

சும்மா இருப்பதற்கு எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பது அந்த எட்டு நிமிடத்தில் புரிந்தது. முதல் நிமிடத்தில் மூக்கின் இடது ஓரத்தில் ஓர் அரிப்பு. அதை வென்றேன். அடுத்து வாயில் எச்சில் ஊறியது. விழுங்கலாமா கூடாதா என்று யோசிக்க யோசிக்க இன்னும் ஊறியது. விழுங்கினேன். குளிர்சாதனக் காற்றில் தொண்டை கரகரத்தது; இருமலை அடக்க மூச்சைப் பிடித்தேன்; பிடித்த மூச்சை ஒரு கட்டத்தில் விட்டுத்தானே ஆகவேண்டும். இயந்திரம் தட்டுமுட்டுக்கடையில் தகரம் அடிப்பதுபோல் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது. வெளியே வந்தபோது, நான் கல்போலக் கிடந்தேன் என்றே மனமார நம்பினேன்.

தண்ணீர் லாரிக் கணக்கு

கழித்ததற்கான காரணத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், அந்த இயந்திரம் எதை அளக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். செய்தித்தாள்கள் "மூளை ஒளிர்ந்தது" என்று எழுதுவதைப் படித்துப் பழகிய நான், நியூரான்கள் எனப்படும் நரம்பணுக்களின் மின்துடிப்பையே அது நேரடியாகப் பார்க்கிறது என்று எண்ணியிருந்தேன். அப்படியல்ல, அது பார்ப்பது ரத்தத்தை. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தில் வேறுமாதிரி நடந்துகொள்கிறது என்பதை லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோர்யெலும் 1936-இலேயே கண்டிருந்தார்கள். அந்த வேறுபாட்டை வைத்து உயிருள்ள மூளையின் படத்தில் மாற்றத்தைக் காணலாம் என்று 1990-இல் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா எலிகளில் காட்டினார். ஓரிடத்தில் நரம்பணுக்கள் மும்முரமானால், சில நொடிகள் கழித்து அங்கே தேவைக்கும் அதிகமாகப் புது ரத்தம் பாய்கிறது. படத்தில் தெரிவது அந்தப் பாய்ச்சல்தான்.

ஊர்க்கணக்கில் சொன்னால், எந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருகிறது என்பதைத் தொலைவிலுள்ள மொட்டைமாடியிலிருந்து பார்த்து, எந்தத் தெருவில் விசேஷம் நடக்கிறது என்று ஊகிப்பது போன்றது இது. லாரி தாமதமாகத்தான் வரும். ஒரு தெருவில் எத்தனையோ வீடுகள் இருக்கும். படத்தின் மிகச்சிறிய கனசதுரமான ஒரு வோக்சலுக்குள்ளேயே லட்சக்கணக்கான நியூரான்கள் அடங்கிவிடும். ஆனாலும் ஊகம் முற்றிலும் வீண் அல்ல. லாரி காரணமில்லாமல் வருவதில்லை.

செயல்சார் இணைப்பு என்று இவர்கள் சொல்வது இதற்கும் அடுத்த படி. இரண்டு தெருக்களுக்கு லாரி வந்துபோகும் நேரங்களைக் குறித்துவைத்து, இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கினால் அந்த இரு தெருக்காரர்களும் ஏதோ பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கொள்வது. இரண்டு இடங்களையும் இணைக்கும் நரம்பிழையை யாரும் இதில் பார்ப்பதில்லை. இரண்டு காலத்தொடர்கள், அவை எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் ஓர் எண்ணான ஒட்டுறவுக் கெழு, அவ்வளவுதான். என் மாணவியின் கணினித் திரையில் வண்ணக் கோடுகள் பாய்ந்த மூளைப்படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தக் கோடெல்லாம் என்னம்மா?" என்று கேட்டேன். "நீங்க பி.எஸ்சி. ரெண்டாம் வருஷத்துல நடத்தினது சார்" என்றாள். குடை விற்பனையும் தவளைச் சத்தமும் சேர்ந்தே கூடுவதால் குடைக்கும் தவளைக்கும் உறவு என்று சொல்லிவிடாதீர்கள், நடுவே மழை என்று ஒன்று உண்டு என்று நான் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

இந்தத் துறை பிறந்த கதையே தரவில் கலக்கும் வேண்டாத 'இரைச்சலில்' தொடங்குகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம். 1990-களின் முற்பாதியில் மில்வாக்கியிலுள்ள விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பரத் பிஸ்வால், படங்களிலுள்ள வேண்டாத அலைவை வடிகட்டும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். விரல் தட்டும்போது இயங்கும் இயக்கப் புறணிப் பகுதியில், ஆள் எதுவும் செய்யாமல் கிடக்கும்போதும் ஒரு மெல்லிய அலைவு இருந்தது. நொடிக்குப் பத்தில் ஒரு பங்குச் சுற்றுக்கும் குறைவான, மிக மெதுவான அலைவு. மூளையின் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே தாளத்தில் அது ஏறி இறங்கியது. 1995-இல் அதை அவர் வெளியிட்டபோது, இதயத்துடிப்பும் மூச்சும் செய்யும் வேலைதான் இது என்று பலர் ஒதுக்கினார்கள். 2001-இல் செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ரெய்க்லேயும் உடன் பணியாற்றியவர்களும், நாம் வேலை எதிலும் ஈடுபடாதபோது மூளையின் சில பகுதிகள் கூடுதலாக இயங்குவதைப் பற்றி எழுதிய பிறகுதான் 'சும்மா இருக்கும் மூளை' மதிப்புக்குரிய பொருளாயிற்று. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, உடலின் ஆற்றலில் சுமார் 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. கடினமான ஒரு கணக்கைப் போடும்போது அந்தச் செலவு கூடுவதோ மிகச் சொற்பம். மிச்சமெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமான கேள்விதான்.

தன் கணக்கைத் தானே திருத்தியவர்கள்

கழிக்கப்பட்ட எரிச்சலில் இருந்த என்னை, "முதல்ல இதைப் படிங்க சார், அப்புறம் திட்டுங்க" என்று சொல்லி ஒரு கட்டுரையை அனுப்பினாள். 2012-இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜோனதன் பவர் என்ற ஆராய்ச்சி மாணவரை முதல் ஆசிரியராகக் கொண்டு வெளியானது. அதைப் படித்த இரவில்தான் என் எரிச்சல் திசை மாறியது. ஆகவே அந்தக் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும்.

அதற்கு முந்தைய சில ஆண்டுகளில், அதே வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழுவிலிருந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சி பற்றி அழகான ஒரு சித்திரம் உருவாகியிருந்தது. சிறு வயதில் மூளையின் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டியிருக்கின்றன. வயது ஏற ஏற அருகிலுள்ள ஒட்டுறவு தளர்ந்து, தொலைவிலுள்ள பகுதிகளுக்கிடையே ஒட்டுறவு வலுக்கிறது என்பது அந்தச் சித்திரம். கிராமத்துப் பிள்ளை தெருவுக்குள்ளேயே விளையாடி வளர்ந்து, பிறகு வெளியூருக்குப் போய்த் தொடர்புகளைப் பெருக்கிக்கொள்வது போல மனத்துக்கு உகந்த கதை. 2010-இல் 7 முதல் 30 வயது வரையிலானவர்களின் 238 ஸ்கேன்களை வைத்து, வெறும் 5 நிமிட ஓய்வுநிலைப் படத்திலிருந்து ஒருவரின் மூளை முதிர்ச்சியைக் கணிக்கலாம் என்று அக்குழுவினர் 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள்.

இங்கேதான் இடறல். குழந்தைகள் அசைவார்கள். ஸ்கேன் எடுக்கும்போது எட்டு வயதுப் பிள்ளை இருபத்தைந்து வயது இளைஞனைவிட அதிகம் அசையும் என்பதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை. அந்த அசைவைச் சரிசெய்யப் படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, அசைவின் அளவைச் சமன்பாட்டில் சேர்த்துக் கழித்துவிட்டால் போதும் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். பவரும் கூட்டாளிகளும் ஒவ்வொரு படத்துக்கும் முந்தைய படத்துக்கும் இடையே தலை எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டார்கள். மூன்று திசை நகர்வு, மூன்று அச்சுச் சுழற்சி; சுழற்சியை மில்லிமீட்டராக்கத் தலையை 50 மில்லிமீட்டர் ஆரமுள்ள ஓர் உருண்டையாக எண்ணிக்கொள்வது; இந்த ஆறு எண்களின் கூட்டல், கழித்தல் குறிகளையும் நீக்கிக் கூட்டுவது. இவ்வளவு எளிமையான அளவை. கூட்டுத்தொகை அரை மில்லிமீட்டரைத் தாண்டிய படங்களையும், அவற்றை ஒட்டிய சில படங்களையும் எடுத்தெறிந்துவிட்டு மறுபடி ஒட்டுறவைக் கணக்கிட்டார்கள்.

பக்கத்திலுள்ள இடங்களுக்கிடையேயான ஒட்டுறவு குறைந்தது. தொலைவிலுள்ள இடங்களுக்கிடையேயானது கூடியது. குழந்தைக்கும் பெரியவருக்கும் இடையே இருந்ததாகச் சொல்லப்பட்ட வேறுபாட்டில் ஒரு பங்கு கரைந்துபோனது. காரணத்தை யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. மொட்டைமாடியில் கேமராவைப் பிடித்திருப்பவனின் கை நடுங்கினால், அடுத்தடுத்துள்ள இரண்டு தெருக்களும் படத்தில் ஒன்றாகவே குலுங்கும். ஊரின் இரு கோடிகள் ஒன்றுபோலக் குலுங்கா. குலுக்கம் அருகிலுள்ளவற்றை நெருங்கியவையாகவும் தொலைவிலுள்ளவற்றை விலகியவையாகவும் காட்டும். அதாவது, அதிகம் அசையும் எந்தக் கூட்டத்தை ஸ்கேன் எடுத்தாலும் அது 'முதிராத மூளை' போலத் தோன்றும். குடைக்கும் தவளைக்கும் நடுவே பெய்த மழையை, பெய்து பல ஆண்டுகளுக்குப் பின் கண்டுபிடித்திருக்கிறார்கள். அதே ஆண்டில் ஹார்வர்டிலிருந்து ஒரு குழுவும் பென்சில்வேனியாவிலிருந்து ஒரு குழுவும் தனித்தனியே இதையே எழுதின. ஆட்டிசம் உள்ளவர்களின் மூளையில் தொலைதூர இணைப்பு குறைவு என்று வந்திருந்த கட்டுரைகள்மீதும் இதே கேள்வி விழுந்தது. வளர்ச்சி பற்றிய அந்தச் சித்திரம் முழுவதும் பொய்யாகிவிடவில்லை. அதன் வண்ணம் வெளுத்தது என்று சொல்லலாம்.

என்னை உலுக்கியது கணக்கல்ல, அதைச் செய்தவர்கள் யார் என்பது. வெளியிலிருந்து வந்த எதிரி எவரும் அல்லர். தங்கள் குழு உலகுக்குச் சொன்ன கதையின் அடியிலேயே தோண்டிப் பார்த்து, அந்த மண்ணில் ஈரம் எங்கிருந்து வந்தது என்று எழுதியவர்கள். நான் பார்த்த துறைகளில் ஆய்வாளர்கள் தம் பழைய கட்டுரையைப் பாதுகாப்பதற்கே பாதி ஆயுளைச் செலவிடுவார்கள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 1998-இல் நான் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் பிழை இருப்பது எனக்குத் தெரியும். இன்றுவரை திருத்தவில்லை.

கழிக்கப்பட்டவர்கள்

அப்படியானால் என்னைக் கழித்தது சரிதானே? சரிதான். மாணவி என் வரைபடத்தைக் காட்டினாள்: தரையோடு தவழும் ஒரு கோடு, அதில் ஆங்காங்கே பனைமரம்போல் எழும் முகடுகள். "இது எச்சில் முழுங்கினதா இருக்கும் சார். இங்க பெருசா ஒண்ணு இருக்கே, இருமினீங்களா?" இருமவில்லை, இருமலை அடக்கினேன். அடக்கியதும் அசைவுதான். அரை மில்லிமீட்டர் என்பது ஓரிரு தபால் அட்டைகளை அடுக்கினால் வரும் தடிமன் அளவே இருக்கலாம். முகடுகளை வெட்டியபின் எட்டு நிமிடத்தில் நாலேகால் நிமிடம் தேறியது. ஐந்து நிமிடம் தேறாதவர்களைச் சேர்ப்பதில்லை என்பது அவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்ட விதி. ஆளைப் பார்த்துத் தளர்த்தினால் அது விதியே அல்ல. நான் கற்பித்ததைத்தான் அவள் செய்திருந்தாள்.

ஆயினும் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. வகுப்பில் நான் இன்னொன்றையும் கற்பித்திருக்கிறேன்: புள்ளிகள் தற்செயலாக விடுபட்டால் பாதகமில்லை, ஒரு காரணத்தோடு விடுபட்டால் மிஞ்சியிருப்பது வேறு ஊரின் கணக்கு. அசையாமல் படுத்திருக்க யாரால் முடியும்? சிறுபிள்ளைகளால் முடியாது. கை நடுங்கும் முதியவரால் முடியாது. பதற்றக்காரர்களால், முதுகுவலிக்காரர்களால், ஓரிடத்தில் நிலைகொள்ளாத சிறுவர்களால் முடியாது. யாருடைய மூளையைப் புரிந்துகொள்ள இத்தனை கோடிகள் செலவழித்து இயந்திரம் வாங்கினார்களோ அவர்களே வரிசையில் முதலில் கழிகிறார்கள். நானாக இட்டுக்கட்டிய ஐயம் இல்லை இது. மேரி பெத் நெபலும் உடன் பணியாற்றியவர்களும் 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதையே கேட்டது: அசைவு விதியைக் கடந்து மிஞ்சும் ஆட்டிசக் குழந்தைகள், கழிக்கப்பட்ட குழந்தைகளிலிருந்து வேறுபடுகிறார்கள், மிஞ்சியவர்களுக்குச் சராசரியாக வயது கூடுதல், சிரமங்கள் குறைவு. அப்படியிருக்க, 'ஆட்டிச மூளையின் இணைப்பு' என்று தலைப்பிட்டு வரும் படத்தில் இருப்பது யாருடைய மூளை?

அசைவோடு சேர்த்துக் கணக்கிட்டால் பொய் வருகிறது. அசைந்தவர்களை விலக்கிக் கணக்கிட்டால் அவர்கள் இல்லாத உண்மை வருகிறது. முதலாவதைவிட இரண்டாவது மேல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரண்டாவதில் கழிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள் என்பதை ஓர் அட்டவணையிலாவது காட்ட வேண்டும். பல கட்டுரைகளில் அது ஒற்றை வரியோடு முடிந்துவிடுகிறது. "மிகை அசைவால் இத்தனை பேர் நீக்கப்பட்டனர்." அந்த எண்ணுக்குள் ஒருவனாக இருந்த பிறகு அந்த வரியை என்னால் வேகமாகக் கடக்க முடிவதில்லை.

ஆளை மாற்றாமல் ஏற்பாட்டை மாற்றுவோரும் உண்டு. அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் நிக்கோ டோசன்பாக் குழுவினர் 2017-இல், ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அசைவைக் கணக்கிட்டுக் காட்டும் மென்பொருளைப் பற்றி எழுதினார்கள்; போதிய அளவு சுத்தமான படம் சேரும் வரை ஆளைப் படுக்க வைத்திருக்கலாம், பிறகு கழிக்க வேண்டியதில்லை. அதே ஆண்டில் அவர்கள், நள்ளிரவுக்கு மேல் இயந்திர வாடகை குறைவு என்பதால் இரவிரவாக எடுத்த ஸ்கேன்களையும் வெளியிட்டார்கள். வெறும் 10 பேர், ஆனால் ஒவ்வொருவரையும் பத்துப் பத்து இரவுகள். ரஸ்ஸல் போல்ட்ராக் என்ற மூளை ஆய்வாளர் தன் மூளையையே ஒன்றரை ஆண்டுக் காலம் நூறு தடவைக்கு மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். காபியும் சிற்றுண்டியும் இல்லாமல் போன செவ்வாய்க்கிழமைகளின் இணைப்புப் படம், இரண்டையும் முடித்துவிட்டுப் போன வியாழக்கிழமைகளின் படத்திலிருந்து மாறுபட்டது. எனக்கு எட்டு நிமிடம். அன்று காலை இரண்டு டம்ளர் ஃபில்டர் காபி வேறு.

இரண்டாம் தடவை

போன மாதம் மறுபடி அழைத்தாள். இம்முறை ஏற்பாட்டைத் திருத்தியிருக்கிறார்கள். உண்மையான இயந்திரத்துக்கு முன்னால் அட்டையும் பிளாஸ்டிக்கும் கொண்டு செய்த ஒரு போலி இயந்திரத்தில் பத்து நிமிடம் படுக்க வைத்து, தகரச் சத்தத்தை ஒலிபெருக்கியில் ஓடவிட்டுப் பழக்கினாள். எச்சிலை எப்போது விழுங்கலாம் என்று சொல்லித் தந்தாள். முழங்காலுக்கு அடியில் ஒரு மெத்தை, மேலே கம்பளி, நெற்றியின் குறுக்கே சட்டகத்தோடு சேர்த்து ஒட்டிய ஒரு டேப். தலை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் அது தோலை இழுத்துச் சொல்லிவிடும். காலையில் காபி குடிக்கவில்லை. தலை லேசாக வலித்தது.

கண்ணை மூடினேன். டேப்பின் பிடியையே கவனித்துக்கொண்டிருந்தேன். தகரத் தாளம் தொடங்கியது. 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையின் மூன்றாம் அட்டவணை நினைவுக்கு வந்தது. பிறகு எங்கள் ஊர் ரயில் நிலையம், அதில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. கூப்பிட்டது என் மாணவி. முடிந்துவிட்டது என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்தபோது அவள் முகம் மலர்ந்திருந்தது. வரைபடத்தில் ஒரு முகடுகூட இல்லை. எட்டு நிமிடமும் தரையோடு தரையாக ஒரே கோடு. "இந்த பேட்ச்லயே உங்களோடதுதான் சார் பெஸ்ட்" என்றாள். ஓய்வுநிலை ஸ்கேனில் முதல் 3 நிமிடத்துக்குள்ளேயே ஏறத்தாழ மூன்றில் ஒருவர் விழிப்பை இழந்துவிடுகிறார் என்று, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்கேன்களை அலசி 2014-இல் டாக்லியாசூக்கியும் லாஃப்ஸும் எழுதியிருப்பதை, இதே பெண் அனுப்பிய கட்டுரைக் கட்டிலிருந்துதான் நான் தெரிந்துகொண்டேன். தூங்கும் மூளையின் இணைப்பும் விழித்திருக்கும் மூளையின் இணைப்பும் ஒன்றல்ல.

படிவத்தின் கடைசிக் கேள்வி: ஸ்கேனின்போது தூங்கினீர்களா? ஆம், இல்லை, நிச்சயமாகத் தெரியவில்லை என்று மூன்று கட்டங்கள். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் இன்னும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நான் ரயில்வே ஸ்டேஷன்ல இருந்தேன்னு நினைக்கிறேன்" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள், பிறகு திரையைப் பார்த்தாள். "எத்தனாவது நிமிஷத்துல சார்?" என்று கேட்டாள்.